புது வாணலி

ஜூன் 14

அக்கா,

ஆறு தடவை போன் அடித்தேன். ஆறு தடவையும் கட் செய்தாய். ஏழாவது தடவை அம்மா எடுத்து, "அவ குளிக்கிறா" என்றாள். பின்னாலிருந்து உன் குரல் நன்றாகவே கேட்டது: "செத்துட்டேன்னு சொல்லு." செத்தவர்கள் போன் எடுக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கோழி ஆலையின் குளிர்வண்டி செவ்வாயும் வெள்ளியும் எங்கள் கல்லூரி கேன்டீனுக்கு வருகிறது அல்லவா, அந்த வண்டி அண்ணனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் நீ அனுப்பிய வறுத்த கோழி டப்பாவும் கூடவே வருகிறது. திறக்கவில்லை. மூடியைச் சுற்றி நீ ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்.

லீவுக்கு வந்திருந்தபோது தட்டைத் தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. "பிண வாடை வருது" என்று சொன்ன விதத்துக்கு வேண்டுமானால் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்கு இல்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து நீ சமைத்தாய் என்று அம்மா என்னை முறைத்தாள். அங்கே எதற்காக நின்றாய் என்று அம்மா ஒரு நாளும் யோசித்ததில்லை.

இங்கே விடுதியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். வராந்தாக் கடைசி அறையில் வார்டனுக்குத் தெரியாமல் ஒரு மின் அடுப்பு வைத்துச் சமைக்கிறோம். கறி, மீன், முட்டை, பால் கிடையாது. சர்க்கரை கிடையாது. பிளாஸ்டிக் உறையில் வருவது எதுவும் கிடையாது. விதிகளை எழுதி அலமாரியில் ஒட்டியவள் தத்துவம் படிக்கிறாள். அவளை எல்லோரும் 'சட்டம்' என்றுதான் கூப்பிடுகிறோம். கத்த மாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள், அது போதும். முதலில் ஏழு பேராக இருந்தோம். ஒருத்தி பால் போட்ட பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்றாள். அவளோடு இப்போது யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று, அம்மாவிடம் சொல்லாதே. கல்லூரி நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஹீமோகுளோபின் எட்டரைதான் இருக்கிறதாம், பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். "ஈரல் சாப்பிடும்மா, அதுதான் சட்டுனு ஏத்தும்" என்றாள். இத்தனை வருஷம் கறி தின்றுதானே எட்டரையில் வந்து நிற்கிறது என்று கேட்டேன். பயறும் கீரையும் எள்ளும் தின்றே ஏற்றிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

போன் எடு.

எலி

ஜூன் 18

ஏய் எலி,

செத்துப்போன அக்கா எழுதுவது.

உன் கடிதம் கோழி இறக்கின காலி வண்டியில் ஐஸ் தண்ணீரில் ஊறி வந்து சேர்ந்தது. பாதி எழுத்து கலைந்துவிட்டது. 'பிண வாடை' மட்டும் கலையாமல் பளிச்சென்று இருந்தது. டப்பாவை அம்மாவும் நானும் ஒரே வேளையில் காலி செய்தோம். நன்றாகத்தான் இருந்தது.

நான் எதற்கு நிற்கிறேன் என்று அம்மா யோசிக்கவில்லையாம். நீ உட்கார்ந்து படிக்கிற நாற்காலி எதன் மேல் நிற்கிறது என்று நீ யோசித்தாயா? சரி விடு. அதை ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

பிஸ்கட் தின்ற பெண்ணை ஒதுக்கிவிட்டீர்களா? கோழிக்குக் காட்டுகிற இரக்கத்தில் ஒரு கரண்டி அந்தப் பெண்ணுக்கும் போட்டிருக்கலாம். எங்கள் சூப்பர்வைசர் மகா கடுவன். அவன்கூட முதல் தடவை எச்சரித்துத்தான் விடுவான்.

எட்டரை என்ற வரியை நாலு தடவை படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முட்டிக் காலை இழுத்துக்கொண்டு வந்து உன் விடுதி வாசலில் உட்கார்ந்துவிடுவாள். உன்னைத் திட்டுவதற்காவது நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு பொடி செய்து அனுப்பியிருக்கிறேன். பயறு, வேர்க்கடலை, எள், காயவைத்த கீரை, மிளகு, பூண்டு. வறுத்து இடித்தது. வேகவைத்த எதன் மேலும் தூவிக்கொள்ளலாம். வேறு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

கறி வறுக்கிற வாணலியில் செய்தால் உங்கள் சட்டம் பார்வை பார்ப்பாளே என்று புது வாணலி வாங்கினேன். "இருக்கற வாணலிக்கு என்னடி கேடு?" என்றாள் அம்மா. "உன் சின்ன மகளுக்கு வாணலிகூட பாவம் பண்ணாததா இருக்கணுமாம்" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாள் கழித்து.

தின்னு. ரத்தம் ஏறட்டும். போன் மட்டும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் அந்தத் தட்டுதான் கண்முன் வந்து நிற்கிறது.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்கா,

நாலாவது டப்பாவும் காலி. ஒரு டப்பா முழுக்க நான் தின்றேன் என்று நினைக்காதே. ஆறு பேரும் அடித்துக்கொள்கிறோம். வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, கஞ்சி, எதன் மேலும் உன் பொடிதான். லேசாகக் கருகின மாதிரி ஒரு மணம் வருகிறதே, அதில்தான் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். "இதுல ஏதோ ரகசியம் இருக்கு, உங்க அக்காகிட்ட கேளு" என்று சட்டமே கேட்டாள். அவள் எதையும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்று ரத்தம் பார்த்தேன். பத்து புள்ளி ஆறு. நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அறிக்கையை அலமாரியில், விதிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டோம்.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் உட்கார்ந்து பேசுவோம். எல்லோரும் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள். எனக்கு மட்டும்தான் உள்ளேயே ஓர் ஆள் இருக்கிறது. அப்பா போன மறு மாதம், பதினெட்டு வயதில், அந்த ஆலை கேட்டுக்குள் போனாய். அங்கே என்ன செய்கிறாய் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருக்கிறது. சொல், அக்கா. எதையும் மறைக்காமல் சொல். உனக்காகத்தான் கேட்கிறேன்.

எலி

ஆகஸ்ட் 27

எலி,

"ஓர் ஆள்" என்று எழுதியிருக்கிறாய். சரி, ஆளாகவே சொல்கிறேன்.

கோழி தலைகீழாகக் கொக்கியில் மாட்டி வரும். முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் கரன்ட் ஓடும். தலை முங்கினால் மயங்கிவிடும். அடுத்தது வட்டக் கத்தி, அது இயந்திரம். அதற்கும் அடுத்து நான். எனக்கு அடுத்து வெந்நீர்த் தொட்டி, இறகு உரிய. இவ்வளவுதான் என் உலகம். நீளம் நாலு அடி. கொக்கி ஓடுகிற பெல்ட்டை அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பித்தானும் அதற்குள்ளேயே இருக்கிறது.

குள்ளமான கோழி இருக்கும். தலையைத் தூக்கிக்கொள்ளும் கோழி இருக்கும். கரன்டும் படாது, கத்தியும் படாது. முழித்துக்கொண்டே வரும். அதை விட்டால் உயிரோடு வெந்நீருக்குப் போகும். அதை விடாமல் இருப்பதுதான் என் வேலை. கழுத்தை வலது கையால் பிடித்து இடது கையால் ஒரே இழுப்பு. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் வலக்கைக்காரர்கள். நான் வந்ததும் கத்தி மாட்டுகிற கொக்கியையும் கழுவுகிற குழாயையும் தச்சரும் பிட்டரும் வந்து இடப்பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே என் பெயரே 'இடக்கை'தான். முந்நூறு பேரில் எனக்கு மட்டும்தான் அப்படி ஒரு இடம். சிரிக்காதே, எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. என் கையைத் தாண்டி ஒன்று உயிரோடு போகாது. எனக்கு அடுத்த ஷிப்டில் நிற்பவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாதியை விட்டுவிடுவான்.

மறைக்காமல் சொல் என்றாய். ஜூலையில் ஒரு வாரம் ஆர்டர் அதிகம் என்று பெல்ட்டை வேகப்படுத்தினார்கள். "கை எட்டலை சார், குறைங்க" என்றேன். "வாயைக் குறை" என்றான் சூப்பர்வைசர். அந்த வாரம் ஒன்பது போயிற்று. தொட்டிக்கு மறுபக்கம் அவை சிவப்பாக வெளியே வரும், தனியாகத் தெரியும், அதனால் எண்ணிக்கை தப்பாது. ஒன்பது. இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் அந்த ஒன்பதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீ தட்டைத் தள்ளினாயே, அப்போது எனக்கு வந்த கோபம் நீ சொன்னது பொய் என்பதால் இல்லை.

படித்துவிட்டுக் கிழித்துப் போடு. யாரிடமும் காட்டாதே. ஐந்தாவது டப்பா அனுப்பியிருக்கிறேன்.

ரகசியம் ஒன்றும் இல்லை என்று உங்கள் சட்டத்திடம் சொல்லு. என் கைமணம், அவ்வளவுதான்.

அக்கா

செப்டம்பர் 19

வண்டி இப்போது உங்கள் கல்லூரிக்கு வருவதில்லை. அதனால் தபாலில் போடுகிறேன். ஏன் வருவதில்லை என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஷிப்ட் நடுவில் கூப்பிட்டார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்ற விடவில்லை. மேனேஜர் மேசையில் உங்கள் கல்லூரி மாணவர் இதழ், நீ எழுதிய கட்டுரைப் பக்கம் விரிந்தபடி. எங்களிடம் கோழி வாங்குகிற பெரிய கம்பெனி ஒன்று அதைப் படித்துவிட்டு, விளக்கம் கேட்டு அனுப்பியிருக்கிறது. மேனேஜர் எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல குரல் அவருக்கு. "'கத்தி கழுவும் குழாய் அவளுக்காக இடப்பக்கம் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த இடது கை ஒன்பது முறை தோற்றது.' நல்லா எழுதியிருக்காங்கல்ல? யாரும்மா இது?"

"தெரியாது சார்" என்றேன்.

"எந்தக் கையால கையெழுத்துப் போடுவே?" என்று பேனாவை நீட்டினார்.

நீட்டின பேனாவை நான் எந்தக் கையால் வாங்கியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

ஊர் பெயரை மாற்றினாயாம், ஆலை பெயரை எடுத்துவிட்டாயாம், என்னை "ஒரு பெண்" என்று எழுதினாயாம். எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்த உனக்கு இந்தக் கை மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? சின்ன வயதில் இருந்து இந்தக் கையால் தானே உனக்கு ஊட்டினேன். உனக்கு அது கை. ஊருக்கு அது அடையாள அட்டை.

வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பதினைந்து நாள் அவகாசம். அதே இதழில், அத்தனையும் என் கற்பனை என்று நீ எழுதினால் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் வேலையும் இல்லை, ஆலைக் குடியிருப்பில் இந்த வீடும் இல்லை. அம்மா மாடி ஏற மாட்டாள். தரைத்தள வீட்டுக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

நீ என் வயிற்றில் அடித்துவிட்டாய். அடித்த கையாலேயே ரெண்டு வரி எழுதிக் கொடு. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 23

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. நான் எழுதியதில் ஒரு வரி பொய் இருக்கிறதா, சொல். நீயே உன் கையால் எழுதியது அது. உண்மையைப் பொய் என்று எழுதச் சொல்கிறாய். யாருக்காக? பெல்ட்டை வேகப்படுத்தியவனுக்காக.

அந்தக் கட்டுரையால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கேன்டீனில் கோழி நின்றுவிட்டது. எண்ணூறு பேர் சாப்பிடுகிற இடம். வெளிக் கல்லூரிகளிலிருந்து கடிதம் வருகிறது. நவம்பரில் ஏழு கல்லூரிகள் கூடுகிற கூட்டத்தில் நான் பேசப் போகிறேன். என் ரத்த அறிக்கையைத் திரையில் காட்டப் போகிறோம். போன வாரம் பதினொன்று எட்டு. எட்டரையிலிருந்து, ஓர் உயிரைத் தொடாமல். சட்டம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் தொடுகிறவள் இல்லை.

உன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை, அக்கா. இங்கே எல்லோருக்கும் உன் மேல் பரிதாபம்தான். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். ஒன்பது உயிர் வெந்தபோது நீ பெல்ட்டை நிறுத்தியிருக்கலாமே? அந்தச் சிவப்புப் பித்தான் உன் கைக்கு எட்டுகிற இடத்தில்தானே இருக்கிறது? நீ அழுத்தவில்லை. எண்ணினாய். எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டாய். அந்த வேலையை விட உனக்கு ஒரு நாளும் தைரியம் வந்திருக்காது. நான் உனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன் என்று ஒரு நாள் நீயே சொல்வாய்.

நீ சொன்னபடி கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது சாட்சி. பத்திரமாக இருக்கிறது.

அம்மாவின் காலை நினைத்துக் கவலைப்படுகிறேன். ஏதாவது வழி கிடைக்கும். தையல் யூனிட்டில் கேட்டுப் பார்த்தாயா?

எலி

பின்குறிப்பு: பொடி தீரப் போகிறது. இந்த நேரத்தில் கேட்பது சரியில்லைதான். முடிந்தால் மட்டும்.

செப்டம்பர் 27

எலி,

நாலு பக்கம். உன் எழுத்து அழகாகிவிட்டது.

சிவப்புப் பித்தானைப் பற்றி நீ சொன்னது சரி. அதை நான் அழுத்தவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

தையல் யூனிட்டில் கேட்டேன். இடது கைக்கு அவர்களிடம் கத்தரிக்கோல் இல்லையாம்.

பொடி கேட்டிருக்கிறாய். அதில் என்ன ரகசியம் என்று உங்கள் சட்டம் கேட்டாளே, இப்போது சொல்கிறேன். ஈரல். வெயிலில் காயவைத்து, கருக வறுத்து, பயறோடு சேர்த்து இடித்தது. பத்துக் கரண்டிப் பயறுக்கு மூன்று கரண்டி. மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டால் வாடை தெரியாது. நர்ஸ் சொன்னாள் என்று நீதானே முதல் கடிதத்தில் எழுதினாய். எட்டரை என்று கேட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தாயா? புது வாணலி வாங்கினேன் என்றதை நம்பினாயா? அவ்வளவு பெரிய படிப்புப் படிக்கிற உனக்கு, காது குத்தினால்கூட வலிக்காது போலிருக்கிறது.

ஆக, உன் பதினொன்று எட்டு எங்கள் ஆலையில் வந்தது. என் கையால் அறுத்தது. உங்கள் ஆறு பேர் வயிற்றிலும் அதுதான் இருக்கிறது. சட்டம் ரெண்டாம் தடவை போட்டுக்கொண்டது அதைத்தான்.

நான் கேட்ட ரெண்டு வரி இந்த வாரக் கடைசிக்குள் வெளிவர வேண்டும். வராவிட்டால் உங்கள் ஆறு பேருக்கும், அந்த ஏழு கல்லூரிக்கும் நானே எழுதுகிறேன். எனக்கு உன் மாதிரி எழுத வராது. செய்முறையை மட்டும் எழுதுவேன்.

அக்கா

செப்டம்பர் 29

காலையில் உன் கடிதம் வந்தது. வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ என்ன மனுஷி? மூன்று மாதம். டப்பாவின் மேல் 'எலிக்கு' என்று எழுதி அனுப்பினாயே. அந்த எழுத்தைப் பார்த்து, நம் அக்கா மாறிவிட்டாள், நமக்காக மாறிவிட்டாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நேற்றுக்கூட சட்டம் கடைசிக் கரண்டியை வழித்துத் தின்றாள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த ஒரு மணி நேரத்துக்குள். நகல் இத்துடன் இருக்கிறது. "கட்டுரையில் வரும் பெண்ணும், ஒன்பது கோழிகளும், ஆலையில் நடப்பதாகச் சொன்ன யாவும் என் கற்பனை. அப்படி எதையும் யாரும் என்னிடம் சொன்னதில்லை." இதழ் ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். "யாராவது மிரட்டுறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இன்றைக்கே இதழின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள். சட்டம் என்னோடு பேசவில்லை. பொய்க்காரி என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். அதைத் தாங்கிக்கொள்வேன். மற்றது தெரிந்தால் என்னால் இந்த வராந்தாவில் நடக்க முடியாது. பிஸ்கட் தின்றவளுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும்.

யாருக்கும் எழுதிவிடாதே. நீ சொன்னதைச் செய்துவிட்டேன். உன் பழைய கடிதத்தையும் கிழித்துவிட்டேன், சுக்குநூறாக. இனி சாட்சி எதுவும் இல்லை. தயவுசெய்து, அக்கா.

எலி

அக்டோபர் 18

எலி,

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வீடும் இருக்கிறது. அம்மா வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் வம்பு வளர்க்கிறாள். உன் கேன்டீனுக்கும் வண்டி மறுபடி போகிறது என்று வண்டி அண்ணன் சொன்னார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் இல்லாத இத்தனை நாளும் என் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லையாம். எத்தனை போயிற்று என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார்கள். நீ எழுதிக் கொடுத்ததைப் பெரிதாக நகல் எடுத்து, வருகைப் பதிவு வைக்கிற இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார் மேனேஜர். ஜூலை மாத வேகம் இப்போது தினசரி வேகம். "கை எட்டலை சார்" என்றேன். சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தைக் காட்டினான். "எல்லாம் கற்பனைன்னு உன் தங்கச்சியே எழுதிட்டாளே. படிச்ச புள்ள." நேற்று ஒரு நாளில் மட்டும் பதினான்கு. சிவப்புப் பித்தானை அழுத்தினேன், எலி. நீ கேட்டாயே என்று. கரன்ட் இணைப்பையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இப்போது நமக்குள் உள்ளதைப் பேசுவோம்.

என் வேலையைக் கேட்டபோது நாலு பக்கம் பாடம் எடுத்தாய். அம்மாவின் காலைச் சொன்னேன், கவலைப்படுகிறேன் என்று ஒரு வரி போட்டாய். ஈரல் என்று ஒரு வார்த்தை சொன்னேன், ஒரு மணி நேரத்தில் உண்மையையும் விட்டாய், கோழியையும் விட்டாய். ஒன்பதும் உனக்குப் பெரிதில்லை. நானும் பெரிதில்லை. ஆறு பெண்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் பெரிது. உன்னை நான் ரொம்ப உயரத்தில் வைத்திருந்தேன். உன் கடிதங்களைப் படித்துக் கோபப்பட்டாலும், நம் வீட்டில் ஒருத்தியாவது இப்படி இருக்கிறாளே என்று உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. நீ கடைசிவரை மாட்டேன் என்றே சொல்லியிருந்தால் இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பேன். உன்னைத் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன். ஆனால் யாருக்கும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

பொடியில் ஈரல் இல்லை, எலி. ஒரு நாளும் இருந்ததில்லை.

வாரம் ஒரு நாள் எனக்கு லீவு. தலைக்குக் குளித்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, புது வாணலியை எடுப்பேன். இடித்தது முழுக்க அம்மா. என் கை பட்டது வறுக்கும்போது மட்டும்தான். அதுவும் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அறுக்கிற கை உன் சாப்பாட்டில் படக் கூடாது என்று வலது கையால் கிளறினேன். அந்தக் கைக்குப் பழக்கம் இல்லை, வேகம் வராது, அடியில் பிடித்துவிடும். உங்கள் சட்டம் விழுந்து விழுந்து தின்றாளே, அந்தக் கருகல் அதுதான்.

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். மீதி ஈரல் போட்ட என் தலையில் என்று, நீ பாதிப் பாவத்தோடு நிம்மதியாக இருந்திருப்பாய். நிம்மதியாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உன் பதினொன்று எட்டு பயற்றில் வந்தது, கீரையில் வந்தது. நர்ஸிடம் விட்ட சவாலில் ஜெயித்துவிட்டாய். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லு. ஒன்பதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது. அது கற்பனை.

இனி பொடி வராது. வாணலியும் எனக்குத் தேவையில்லை, இந்த வண்டியிலேயே அனுப்பியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே மோப்பத்தில் நீ கெட்டிக்காரி. மோந்து பார்.

இடக்கை